இடமின்மையால் நீக்கப்பட்டவர்கள்

ஆவுடைநாயகம் நாற்பத்தொரு வருடம் நடத்திய ‘வேப்பம்பூ’ மாதப் பத்திரிகையை நிறுத்திய அந்த ஆனி மாதத்திலேயே, அவர் கதைகளிலிருந்து வெட்டிப்போட்ட ஆட்கள் ஒவ்வொருவராக எங்கள் குருவிநத்தம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். முதலில் இறங்கியது ஒரு கோழிக்காரி. பதினொன்று பத்து சாத்தூர் வண்டியில், கக்கத்தில் ஒரு செவலைக் கோழியை இடுக்கிக்கொண்டு இறங்கி, நேராக என் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, “ஆசிரியர் வீடு எது?” என்று கேட்டாள்.

“எந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்?”

“பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லைய்யா. என்னை வெட்டுன ஆசிரியர்.”

அதற்குமேல் நான் விவரம் கேட்கவில்லை. அந்த ஆளின் கையால் வெட்டுப்பட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வழி சொன்னேன். அவள் போன பிறகுதான் என் மனதில் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது: இவள் வந்தால் பேச்சியும் வருவாள்.

நான் சீனிச்சாமி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு என்னுடையது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள் காலையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். நான் சீட்டில் சாக்பீஸால் நம்பர் எழுதி, அதே நம்பர் போட்ட மஞ்சள் டோக்கனைக் கையில் கொடுப்பேன். சாயங்காலம் டோக்கன் வந்தால் சைக்கிள் போகும். ஒருவர் விட்டுப்போனதை அவர் திரும்பி வரும்வரை வைத்திருப்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலுக்கு எதையும் மறக்காத குணம் வேண்டும், அது எனக்கு உண்டு. நல்லதை மறக்க மாட்டேன். கெட்டதை அதைவிட மறக்க மாட்டேன்.

ஆவுடைநாயகத்தைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு மனம் வராது, ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியில், காலால் மிதித்து ஓட்டும் ஒரு மெஷினையும் ஞானதிரவியம் என்ற ஃபோர்மேனையும் வைத்துக்கொண்டு, மாதம் நாற்பத்தெட்டுப் பக்கம் அச்சடித்தார். அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தில் பாதியை அவரே எழுதினார். சமையல் குறிப்பு எழுதியது அவர், மாட்டு வைத்தியம் எழுதியது அவர், தொடர்கதை எழுதியது அவர், கேள்வி பதில் பகுதியில் பதிலை எழுதியதும் அவர், கேள்வி போதாத மாதங்களில் கேள்வியை எழுதியதும் அவர். அதுபோக அறுபத்துமூன்று புத்தகம் போட்டார். குழந்தைகளுக்குக் கணக்கு, துப்பறியும் கதை, கண்மாய்களின் சரித்திரம், மழைக்கு நம் பக்கத்தில் வழங்கும் பெயர்கள், கடிதம் எழுதும் முறை, மூட்டுவலிக்குக் கைமருத்துவம், தாலாட்டு, நிலவுக்கு ராக்கெட் போகும் விதம் என்று அவர் தொடாத சங்கதி இல்லை. ஒரே ஆளுக்கு இத்தனை தெரிந்திருக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் அவர் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்த மாடு பிழைத்தது, அவர் புத்தகத்தைப் பார்த்துப் படித்த பிள்ளை பாஸானது, அதையும் நான் பார்த்திருக்கிறேன். குருவிநத்தத்தில் அவர் புத்தகம் ஒன்றாவது இல்லாத வீடு என்னுடையது மட்டும்தான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியூர்களிலிருந்து கதை எழுதி அனுப்புகிறவர்களுக்கு அவர் இத்தனை பக்கம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார். மிஞ்சினால் சிவப்பு மசிப் பேனாவை எடுப்பார். மாமியார் ஒருத்தி போதும் என்று இன்னொருத்தியை எடுப்பார், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை எடுப்பார், கோழி இருந்தால் போதாதா, கோழிக்காரி எதற்கு என்று எடுப்பார். மாதாமாதம் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: ‘இடமின்மையால் சில பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. வாசகர்கள் பொறுத்தருள்க.’ வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நான் பொறுக்கவில்லை.

கோழிக்காரிக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் பதினொன்று பத்து வண்டியில்தான் வந்தார்கள். கண்டக்டரிடம் கேட்டால், சாத்தூரில் ஏறியதாகவும் தெரியவில்லை, வழியில் ஏறியதாகவும் தெரியவில்லை, குருவிநத்தம் நெருங்கும்போது சீட்டில் இருப்பார்கள் என்று சொன்னார். ஊரில் யாரும் பயப்படவில்லை. வந்தவர்கள் எங்கே படுப்பார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்பதுதான் பேச்சாக இருந்தது. விஏஓ கோழிக்காரியை வரச்சொல்லி ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்டார்.

“பேரு?”

“கோழிக்காரி.”

“அப்பா பேரு?”

“எழுதலையே.”

“சரி, பூர்வீகம்?”

“பதினேழாம் பக்கம்.”

விஏஓ பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ‘தெற்குத் தெரு, கதவு எண் 17’ என்று எழுதிக்கொண்டார். அந்த எண்ணில் வீடு இல்லை. பதினாறாம் நம்பர்க்காரர்கள் தங்கள் தொழுவத்தை ஒழித்துக் கொடுத்தார்கள்.

எழுதியவர் எழுதாமல் விட்ட எதுவும் அந்த ஆட்களிடம் இல்லை. கோழிக்காரிக்குக் கோழியின் நிறம் தெரியும், அது எத்தனை முட்டை இட்டது என்று தெரியும், தன் அம்மாவைத் தெரியாது. தெற்குத் தெருப் பெண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். உச்சி வெயிலில் வந்து இறங்கியதால் வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தி, “உனக்கு அம்மை போட்டுச்சா?” என்று கேட்டாள். தெரியாது என்றாள். “போட்டிருக்கும். எங்க மதினிக்குப் போட்ட வருஷம்தான் உனக்கும். நான்தான வேப்பிலை ஒடிச்சிட்டு வந்தேன்.” இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெயிலுகந்தாளின் கன்னத்தில் நாலு தழும்பு இருந்தது. அவள் கண்ணாடியில் அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

முகமே இல்லாத ஒருவர் வந்தார். எழுதியவர் ‘ஒருவன் வந்தான்’ என்று மட்டும் எழுதியிருந்தாராம். அவரைச் சலூனுக்குக் கூட்டிப்போனார்கள். “மூஞ்சி எங்கவே?” என்று கேட்ட சலூன்காரர், பதிலுக்குக் காத்திராமல் முகம் இருக்கவேண்டிய இடத்தில் நுரையைப் போட்டு, மீசைக்கு மட்டும் இடம் விட்டு மழித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் அந்த மீசையைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். இப்போது பால் பண்ணையில் பால் அளக்கிறார். ஒரு கான்ஸ்டபிளும் வந்தார். துப்பறியும் தொடர்கதையில் ஆறாம் மாதம் வெட்டுப்பட்டவர். இறங்கியதுமே ஆவுடைநாயகத்துக்கு ஒரு சல்யூட் வைத்து, “ஐயா, கொலைகாரன் சமையல்காரன் இல்லை, மச்சினன். சொல்ல விடாம என்னை எடுத்துட்டீங்க” என்றார். ஆவுடைநாயகம் அதை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கான்ஸ்டபிள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்று கைகாட்ட ஆரம்பித்தார். வண்டிகளும் கட்டுப்பட்டன.

ஆவுடைநாயகம் இதற்காகவே தினமும் பத்தரைக்கு வந்துவிடுவார். எழுபத்தெட்டு வயது. பக்கத்தில் ஞானதிரவியம் குடை பிடித்துக்கொண்டு வருவார். என் ஸ்டாண்டின் நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வந்ததும் ஆவுடைநாயகம் எழுந்து போய், இறங்குகிறவரைக் கும்பிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “மன்னிக்கணும், அப்ப இடமில்லாமப் போச்சு.” வந்தவர்களில் சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். ஆவுடைநாயகம் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மெலிந்த ஒரு பெண் மட்டும், “இப்ப இடம் இருக்கா?” என்று கேட்டாள். அவர் பஸ் ஸ்டாண்டையும், பூக்கடையையும், முக்கில் கைகாட்டும் கான்ஸ்டபிளையும், என் சைக்கிள்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இப்ப இருக்கு” என்றார்.

அதே பெஞ்சின் மறுமுனையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவரோடு நான் பேசி முப்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். என்னைவிட ஐந்து வயது இளையவள். எனக்குப் பதினாலு வயதான வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடிவருகிற வழியில், மைதானத்தில் ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவர் ஓட்டிக்கொண்டே குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கப்போவதாகச் சொன்னார்கள். அதைப் பார்க்க நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இரண்டு பாட்டு முடிந்தது என்பது மட்டும் ஞாபகம். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மருந்துக்கு வேலை இருக்கவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்தாறு வயதில், டோக்கன் அடிக்கும் மஞ்சள் தாளில், அதை ஒரு கதையாக எழுதினேன். ஏழு பக்கம். முதல் ஆறு பக்கம் நடந்தது. மைதானத்தை விட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடுவது வரைக்கும். ஏழாம் பக்கம் நடக்காதது. அதில் நான் நேரத்துக்குப் போய்ச் சேருகிறேன். அம்மா கரண்டியில் மருந்தை ஊற்றுகிறாள். காய்ச்சல் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில்தான் அவள் பெயரையே எழுதியிருந்தேன், பேச்சி என்று. பேச்சி வளர்கிறாள். இடது கையால் சாப்பிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறாள். கத்தரிக்காயைத் தொடமாட்டேன் என்கிறாள். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மணியாச்சிப் பக்கம் ஒரு ரயில்வே கேட் கீப்பரைக் கல்யாணம் செய்துகொண்டு போகிறாள். வேறு ஒன்றும் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்ற ஆறு பக்கத்தையும் எழுதினேன்.

‘வேப்பம்பூ’வில் ஆறு பக்கம்தான் வந்தது. ‘பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்’ என்பதோடு கதை நின்றது. அந்த முடிவைப் பாராட்டி இருபத்திரண்டு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். நான் சொல்லாமல் சொல்லிவிட்டேனாம். கிட்டங்கிக்குப் போனேன். அவர் மதுரைக்குப் போயிருந்தார். கம்பிக் கூடையில் என் மஞ்சள் தாள்கள் கிடந்தன. ஏழாம் பக்கம் முழுவதையும் சுற்றி ஒரு பெரிய சிவப்பு வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து வெளியே போகிற மாதிரி ஓர் அம்புக்குறி. வெளியே துரத்திவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து டோக்கன் டப்பாவின் அடியில் வைத்தேன். என் தங்கச்சியை இரண்டாம் தடவை சாகவிட்ட ஆள் என்று அன்றைக்கு அவருக்குப் பெயர் வைத்தேன்.

மறுநாள் அவர் சைக்கிளோடு வந்து, “சீனிச்சாமி, ஒரு நிமிஷம் பேசணும்” என்றார். நான் சீட்டில் நம்பர் எழுதி டோக்கனைக் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். நான் அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவர் தினமும் வருவார், நம்பர் எழுதுவேன், டோக்கன் கொடுப்பேன். புதுப் புத்தகம் போட்டால் என் மேசையில் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அதை எடுத்து, புறப்படுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவர் மடியில் போட்டுவிடுவேன். அப்படி அறுபது புத்தகம் சாத்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் போயிருக்கும். என் வீட்டுக்காரி குருவம்மாள் ஒரு தடவை, “ஒரு நாள் அந்தப் புஸ்தகத்தைத் திறந்து பார்த்தாத்தான் என்ன?” என்று கேட்டாள். அவளோடும் நாலு நாள் பேசவில்லை.

ஆனி போய், ஆடி ஆவணி போய், ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. நான் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு தினமும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று குருவம்மாள் கேட்கவில்லை. ஒன்பது வயதோடு இறங்குவாளா, நான் எழுதின கல்யாணப் பெண்ணாக இறங்குவாளா என்று யோசிப்பேன். எப்படி இறங்கினாலும் இடது கையால்தான் படிக்கம்பியைப் பிடிப்பாள், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்குகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கியவர்கள் எல்லாரும் வலது கைக்காரர்களாக இருந்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் பதினொன்று பத்து வண்டியிலிருந்து ஒரு நாய் மட்டும் இறங்கியது. ஆவுடைநாயகம் அதையும் கும்பிட்டு, காதைத் தடவிக்கொடுத்துவிட்டு, “இவன்தான் கடைசி, ஞானதிரவியம். இதோட நான் வெட்டுனவங்க எல்லாரும் வந்தாச்சு” என்றார். ஒருவர் விடாமல் அவருக்கு எல்லாரும் மனப்பாடம்.

குடையை விரித்துக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் அவரிடம் பூட்டிவைத்திருந்த வாயைத் திறந்தேன்.

“பேச்சி வரலையே.”

“எந்தப் பேச்சி?” என்று ஞானதிரவியம் கேட்டார். ஆவுடைநாயகம் அப்படிக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“அவளை நான் வெட்டலையே, சீனிச்சாமி.”

நான் உள்ளே போய் டோக்கன் டப்பாவைக் கவிழ்த்து, அந்த மஞ்சள் தாளை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “அப்ப இது என்ன?”

தாளை ஞானதிரவியம்தான் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். “என்னவே, இதையா இத்தனை காலமாத் தூக்கிட்டு அலைஞ்சீரு? கோடு போட்டாத்தான்வே வெட்டு. வட்டம் போட்டு அம்பு போட்டா, இடம் மாத்துனு அர்த்தம். அச்சாபீஸ்ல கூட்டிப் பெருக்குறவளுக்குக்கூடத் தெரியுமே.”

“எனக்குத் தெரியாது. நான் அச்சாபீஸ்காரன் இல்லையே” என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “எங்க மாத்துனீங்க?” என்று கேட்டேன்.

ஆவுடைநாயகமும் உட்கார்ந்தார். இந்தத் தடவை நடுவில் இடம் விடவில்லை.

“உங்க கதை ஓட்டத்துலயே முடியணும். அதுதான் அதுக்குச் சரி. இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா அந்தப் பிள்ளையை ரோட்டுல விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை. ஒரே எடத்துல வைக்கவும் முடியலை. அதனால என்கிட்ட எங்கெல்லாம் கொஞ்சம் எடம் இருந்துச்சோ அங்கெல்லாம் வச்சேன். நான் போட்ட எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கா.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். டோக்கன் குடுத்தீங்க.”

அன்று சாயங்காலம் முதல் நான் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டேன். தன் வீட்டில் அவர் புத்தகமே இல்லை என்று பெருமை பேசின ஆள் வந்து வாசலில் நின்றால் ஊர் சும்மா விடுமா? “சீனிச்சாமி அண்ணாச்சிக்கு மாட்டு வைத்தியம் வேணுமாம்ல, மாடு எங்க?” என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு புத்தகம் தொட்டிலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது, பிள்ளையை இறக்கிவிட்டு எடுத்துத் தந்தார்கள். வெயிலுகந்தாள் கோழியை அடைகாக்க வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

அவள் இருந்தாள். குழந்தைகளுக்கான கணக்கில், பத்து வயதுப் பேச்சியிடம் பன்னிரண்டு நுங்கு இருக்கிறது, பாதியை அண்ணனுக்குக் கொடுக்கிறாள், அண்ணன் முகம் வாடியிருப்பதால் இன்னும் ஒன்று கொடுக்கிறாள், மீதி எத்தனை. இந்தக் கணக்கை எங்கள் தெருப் பிள்ளைகள் கத்திப் படித்து நான் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பேச்சி உண்டு, யாரோ என்று இருந்துவிட்டேன். துப்பறியும் கதையில் நீலத் தாவணி கட்டிய ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறாள், ‘அவளுக்கும் இந்தக் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை’ என்று எழுதியிருந்தார். மாட்டுப் புத்தகத்தில் இடது கைக்காரியான பேச்சி மறுபக்கம் உட்கார்ந்து பால் கறக்கிறாள், மாடு இரண்டு நாள் உதைத்துவிட்டுப் பழகிக்கொள்கிறது. சமையல் புத்தகத்தில் ‘பேச்சியைப்போலக் கத்தரிக்காய் பிடிக்காதவர்கள் முருங்கைக்காய் போட்டுக்கொள்ளலாம்.’ கண்மாய்ச் சரித்திரத்தில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று இடது கையை நீட்டிக் காட்டுகிறாள். தாலாட்டுப் புத்தகத்தில் தாய்மாமன் சைக்கிளில் வருகிறான். நாற்பதாவது புத்தகத்துக்குப் பிறகு ‘பேச்சி சொன்னாள்’ என்பது ‘பேச்சி சொன்னார்’ என்று மாறியிருந்தது. கடைசியாகப் போட்ட மூட்டுவலிப் புத்தகத்தில், ஐம்பத்தைந்து வயதுப் பேச்சி படி ஏறும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். மருமகள் வந்துவிட்டாள் என்பதைப் படித்தபோது, பஸ் ஹாரன் அடித்தும் எனக்குக் காதில் விழவில்லை. நான் கோபத்தை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இந்த ஆள் என் தங்கச்சியை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்.

அறுபத்திரண்டு புத்தகம் கிடைத்தது. கடிதம் எழுதும் முறை மட்டும் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் இருந்ததுதான், கை மாறிக் கை மாறிக் கிழிந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டு, ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எங்க அம்மாவுக்குக் கடிதாசி எழுதப் பழகணும்னு கல்யாணமான புதுசுல வாங்குனது. இருபத்தெட்டாம் பக்கம்.”

“உனக்குத் தெரியுமா?”

“உங்க பேரு ஊர்ல பத்துப் பேருக்கு இருக்கு. பேச்சினு போட்டிருக்கவும் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா தூக்கி பஸ்ஸுல போட்டிருப்பீங்க. அவளும் போயிருப்பா.”

இருபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது.

‘அன்புள்ள அண்ணன் சீனிச்சாமிக்கு, தங்கை பேச்சி எழுதிக்கொள்வது. நான் நலம். அங்கு தாங்களும் மதினியும் நலமா? இங்கே கேட் பக்கத்து வேம்பு பூத்திருக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் பூ உதிர்கிறது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தீர்களே, அதை இவரிடம் அடிக்கடி சொல்வேன். மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றீர்கள் என்று அம்மா சொல்வாள். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உடனே பதில் போடவும்.’

அதற்குக் கீழே, ‘இதற்கு அண்ணன் எழுதும் பதிலை வாசகர் தாமே எழுதிப் பழகவும்’ என்று போட்டு, கோடு கோடாக இடம் விட்டிருந்தது. அரைப் பக்கம். ஒரு வரிக்கு இடமில்லை என்று உயிரோடு இருக்கிற ஆட்களை வெட்டிப்போட்ட மனிதர், அரைப் பக்கத்தை ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். ஊரில் யார் யாரோ அதில் எழுதிப் பழகிக் கிழித்துவிட்டார்கள். குருவம்மாளின் புத்தகத்தில் மட்டும் அந்தக் கோடுகள் அப்படியே இருந்தன.

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதில் எழுதினேன். எட்டு வரி எழுத மூன்று மணி நேரம் ஆனது. ஆவுடைநாயகம் இப்போதும் வழக்கப்படி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இறங்க யாரும் இல்லாவிட்டாலும். புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘அன்புள்ள தங்கை பேச்சிக்கு, அண்ணன் சீனிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மதினியும் நலம். தாமதமாக வந்ததற்கு என்னை மன்னிக்கவும். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள். வீட்டில் கத்தரிக்காய் வாங்குவது இல்லை. நீ எப்போது வந்தாலும் வரலாம்.’

படித்து முடித்ததும் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பேனாவை எடுத்துவிட்டு, சுதாரித்து, மூடியைத் திருப்பி மாட்டப்போனார்.

“என்ன, சொல்லுங்க” என்றேன்.

“ஒரே ஒரு வரிதான் அதிகமா இருக்கு.”

“எது?”

அவர் விரலை வைத்துக் காட்டினார். மன்னிப்புக் கேட்ட வரி.

“அவதான் நேரத்துக்கு வந்துட்டீங்கனு எழுதியிருக்காளே. பிறகு இது எதுக்கு?”

ஐம்பது வருடம் சுமந்த வரி அது. வாசலில் சாக்பீஸ் நம்பரோடு நின்ற சைக்கிள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சோறு கொண்டுவந்த குருவம்மாள் தூக்கை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

“வெட்டுங்க, சார்” என்றேன்.

அவர் பேனாவை உதறிவிட்டுக் கோடு போட்டார். வட்டம் இல்லை, அம்பு இல்லை. நேரான சிவப்புக் கோடு.

அவர் மேல் இருந்த கோபம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. அவர் வெட்டியது எதுவும் சும்மா இருப்பதில்லை என்பதும் தெரியும். அந்த வரியும் என்றாவது ஒருநாள் பதினொன்று பத்து வண்டியில், கையில் மருந்துப் பாட்டிலோடு, மூச்சு வாங்க வந்து இறங்கும். இறங்கட்டும். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்துகொள்வோம். இப்ப இடம் இருக்கு.